காலேஜுக்கு உட்காரப் போனேன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளை ஒரு காலேஜ் கூப்பிட்டு அனுப்பியது. படிக்க இல்லை. கூட்டிப் பெருக்கவும் இல்லை. சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்றார்கள். முட்டி வலி வந்ததிலிருந்து அந்த வேலையில் எனக்கு நல்ல பழக்கம் இருப்பதால் சரி என்று சொல்லிவிட்டேன்.

கூப்பிட்டது என் தம்பி மகள் சுமதி. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் காலேஜில் தமிழ் வாத்தியார். முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. போனில் அழாத குறையாகப் பேசினாள்.

"எதக் குடுத்தாலும் போன்ல கேட்டு எழுதிட்டு வந்தர்றாங்கத்தே. 'என் ஊர்'னு எழுதச் சொன்னேன். எல்லாரு ஊர்லயும் ஒரே ஆறு சலசலன்னு ஓடுது. ஆயிரம் அடி போர் போட்டாலே புழுதி வர்ற ஊருங்க இது. ஆறு எங்கிருந்து வந்துச்சு?"

"நானு வந்து ஆத்த நிறுத்தவா சாமி?"

"நீங்க கிளாஸ்ல வந்து உக்காருங்க போதும். அவங்க உங்களப் பாத்து, உங்ககிட்டக் கேட்டு எழுதட்டும். உங்களப் பத்தி எந்த மிஷினுக்குங்க தெரியும்?"

அது வாஸ்தவம். என்னைப் பற்றி எங்கள் தெருவுக்கே பாதிதான் தெரியும். நான் கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசி இலையாகப் பார்த்து உட்காருகிறவள். நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். ஆனால் பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்று அவள்தான் சத்தியம் செய்தாளே.

எங்கள் வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "போறது போற, அது வரைக்கும் என்ற சோத்துக்கு என்ன வழி?" என்றார். வழி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் இருப்பது ஜலகண்டாபுரம். மேட்டூர் அணை ஒரு பக்கம், சேலம் ஆஸ்பத்திரி ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் என் உலகம் முடிந்துபோகும். சங்ககிரி தாண்டினால் எனக்கு வெளிநாடுதான். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். தனியார் பஸ்ஸில் பாட்டு ஒரு பக்கம், ஹாரன் ஒரு பக்கம். இரண்டும் ஒரே ராகத்தில் இருந்ததால் எது நிற்கிறது எது ஓடுகிறது என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டும் நின்றன. என்ஜினில் ஏதோ பெல்ட் அறுந்துபோய் பஸ்ஸும் நின்றுவிட்டது.

வெயில் சுள்ளென்று அடித்தது. ஒதுங்க ஒரு வேப்பமரம்கூட இல்லை. கண்டக்டர் நல்ல மனுஷன். வருகிற வண்டியை எல்லாம் கைகாட்டி நிறுத்தி, வயதானவர்களை ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார். எனக்கு வாய்த்தது முட்டை ஏற்றிய ஒரு சின்ன லாரி. டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும்.

"ஆத்தா, வண்டி பள்ளத்துல எறங்குனா நீங்க பயந்துக்க வேண்டாம். பயப்படற வேலைய நா பாத்துக்கறனுங்க. பின்னால இருக்கறது பூராம் முட்டை" என்றார்.

அவர் ஓட்டிய வேகத்தில் சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்து வருத்தப்பட்டார். பாதி வழியில் டிரைவர் போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "என்ற சம்சாரத்துக்கு இன்னைக்குப் பொறந்த நாளு. நல்லதா நாலு வரி எழுதிக் குடு" என்றார். போன் ஒரு பொம்பளைக் குரலில் நிலவே, நிழலே, வாழ்வின் வசந்தமே என்று சொல்லிக்கொண்டு போனது. அவர் கவனமாகக் கேட்டு, தலையாட்டி, அனுப்பிவிட்டார்.

நான் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன். "அவங்க என்னங்க சொல்லுவாங்க?"

"அவளும் இதுகிட்டயே கேட்டுத்தான் பதில் போடுவாளுங்க. இது வந்ததுக்கப்பறம் எங்களுக்குள்ள சண்டையே வர்றதில்ல."

சுமதி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தாள். தொட்டுக்க முட்டைக் குழம்பு, அதற்குத் துணையாக முட்டைப் பொரியல், ஒதுக்கமாக ஒரு அவித்த முட்டை. நாமக்கல் ஜில்லாவில் இது மரியாதை. எங்கள் ஊரில் விருந்தாளிக்கு மேட்டூர் மீன் வாங்குவோம், முள் எடுக்கிற சாக்கில் பேச்சு வளரும். முட்டையில் முள் இல்லை, பேச்சும் சீக்கிரம் முடிந்தது. தண்ணீர்தான் தொண்டையில் இறங்கவில்லை. உப்பு. சோற்றுக்கு உப்பே போட்டிருக்க வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டு அவள் விஷயத்தைச் சொன்னாள். போனில் எழுதி வாங்குகிற பிள்ளைகளைப் பிடிப்பதற்கு காலேஜில் புதிதாக ஒரு மிஷின் வாங்கியிருக்கிறார்கள். கட்டுரையைக் கம்ப்யூட்டரில் அடித்து அதற்குள் போட்டால், மனுஷன் எழுதியதென்றால் பச்சை வரும், மிஷின் எழுதியதென்றால் சிவப்பு வரும். சிவப்பு வந்தவர்களுக்கு சைபர் மார்க். சைபர் வாங்கியவர்களைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வருஷமே வீணாகிவிடும்.

"மிஷின் எழுதுது, மிஷின் படிக்குது. நீ எதுக்கு சாமி நடுவுல?"

"சம்பளம் குடுக்கறாங்களே, நின்னுட்டிருக்கறேன்" என்றாள். ஒரு முறுக்கை எடுத்து நொறுக்கினாள். "ஒரு கட்டுரையாவது ஒரு புள்ளை கண்ணால பாத்து எழுதி நான் படிச்சுப் போடணும்த்தே. இந்த வருஷம் பூராவுக்கும் அது போதும்."

மறுநாள் காலேஜ். வாசலில் பெரிய வளைவு, உள்ளே தண்ணீர் இல்லாத நீரூற்று. வகுப்பில் பலகைக்கு முன்னால் ஒரு மேடை, மேடையில் சாய்ந்து உட்காருகிற மாதிரி ஒரு உயரமான நாற்காலி. என்னை அதில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளின் போன்களை ஒரு கூடையில் வாங்கி வைத்தாள் சுமதி. அப்புறம் பலகையில் எழுதுகிற பேனா காய்ந்துபோயிருக்கிறது என்று புதுசு வாங்கப் போனாள். போய் வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் காலேஜில் ஒரு வழக்கம். வெளியாள் யார் வந்து மேடை நாற்காலியில் உட்கார்ந்தாலும் சால்வை போட்டுவிட வேண்டும். அந்தப் பொறுப்பு ஆபீஸ் உதவியாளர் குப்புசாமி அண்ணனுடையது. அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்திருக்கிறார். யார், எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தால் தாமதம் ஆகிவிடும் என்று நேராக வந்து ஜரிகை போட்ட சால்வை ஒன்றை என் தோளில் விரித்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மூடி திறக்காத ஒரு தண்ணீர் பாட்டிலையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் கைதட்டினார்கள். முதல் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து காலைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். நான் காலை இழுத்துக்கொண்டேன். அவர்கள் விடவில்லை.

சுமதி திரும்பி வந்து சால்வையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. "இவங்க என்ற அத்தை. ஜலகண்டாபுரம். சும்மா உக்கார வந்திருக்காங்க" என்று சொல்லிப் பார்த்தாள். பெரியவர்கள் எல்லாரும் அடக்கமானவர்கள்தான் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். சால்வை போட்டாகிவிட்டது, இனி நான் எதையாவது சாதித்தே தீரவேண்டும்.

ஒரு பையன் எழுந்தான். "உங்க சாதனைக்கு ஊக்கமா இருந்தது யாருங்க?"

"எங்க ஊட்டுக்காரருங்க" என்றேன்.

கைதட்டினார்கள். ஊக்கமாக இருந்தவர் சரியாக அந்த நேரத்தில் என் போனில் கூப்பிட்டார். என் போனைக் கூடையில் போடச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு, "என்னங்க?" என்றேன்.

"சீரகம் எந்த டப்பாவுல இருக்குது?"

"மேல் தட்டுல, செவப்பு மூடிங்க" என்று சொல்லி வைத்தேன்.

"இன்றைய இளைஞர்களுக்கு நீங்க என்னங்க சொல்ல விரும்பறீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். எதிரில் எல்லாம் வாடிய முகங்களாக இருந்தன. "காலைல சாப்புட்டீங்களா சாமி?" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டு அடியில் கோடு போட்டார்கள்.

கையால் எழுதியதை மத்தியானத்துக்கு மேல் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சோதிக்கிற மிஷினுக்குக் கையெழுத்துப் படிக்க வராது. இடையில் சாப்பாட்டு மணி அடித்தது. கூடையிலிருந்த போன்கள் அவரவர் கைக்குப் போயின. நான் கேண்டீனில் உட்கார்ந்து முட்டை பப்ஸ் தின்றேன். ஒரு கடி கடித்தால் பாதி என் வாயிலும் பாதி சால்வையிலும் விழுந்தது. பக்கத்து மேசையில் ஒரு பையன் போனைப் பார்த்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "சாதனை படைத்த மூதாட்டி பற்றி, கண்ணீர் வர்ற மாதிரி, ரெண்டு பக்கம்." என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றான்.

ராத்திரி வீட்டில் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சுமதி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். நான் இயற்கை விவசாயம் செய்து விருது வாங்கியிருந்தேன். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்திருந்தேன். ஓர் ஏரியை ஒற்றை ஆளாகத் தூர் வாரியிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் முக்கால்வாசிக் கட்டுரைகளில் செத்துப்போயிருந்தார். பாம்பு கடித்து ஒரு இடத்தில், எல்லையில் சண்டை போட்டு ஒரு இடத்தில். சீரகம் தேடத் தெரியாத மனுஷன் அவ்வளவு வீரமாகச் செத்ததில் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. எல்லாவற்றிலும் நான் அழுதேன். 'அவர் விழியோரம் ஒரு துளி கண்ணீர் திரண்டது' என்று அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். அத்தனையும் பச்சை.

ஒன்று மட்டும் சிவப்பு. சுமதி அதை முதலில் மனசுக்குள் படித்தாள். அப்புறம் சத்தமாகப் படித்தாள்.

'நாற்காலி உயரம். அவருடைய கால் தரையைத் தொடவில்லை. சால்வை போட்டதும் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். யாராவது திரும்பக் கேட்பார்கள் என்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வைத்தார்கள். மூடியை யாரும் திறந்து கொடுக்கவில்லை. கேள்வி கேட்ட எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். கடிகாரத்தைப் பார்த்தபோது சிரிக்கவில்லை. அவர் எதையும் சாதித்தவர் போலத் தெரியவில்லை. நல்லவர் என்று நினைக்கிறேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.'

எனக்குக் கூச்சமாகிவிட்டது. துணி மாற்றும்போது கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. சுமதி தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறிப்போயிற்று.

"இதத்தான் நான் கேட்டேன். இது ஒண்ணுதான் செவப்பு" என்றாள்.

எழுதியது கோகிலா என்று ஒரு பெண். கடைசி பெஞ்ச். அவளுடைய அப்பா ரிக் லாரியில் வடக்கே போய் தண்ணீருக்கு போர் போடுகிறவர். படிச்சது போதும் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம். சிவப்பு ஒன்று போதும் அவருக்கு.

அடுத்த நாள் காலையில் ஊருக்குக் கிளம்ப இருந்தேன். சுமதி, "நீங்க சாட்சிங்கத்தே. சும்மா வந்து உக்காருங்க" என்று மறுபடியும் அதையே சொல்லி, முதல்வர் அறைக்குக் கூட்டிப் போனாள்.

முதல்வர் தங்கமான மனுஷன். எழுந்து நின்று வாங்க வாங்க என்றார். டீ வரவழைத்தார். கோகிலா கதவோரம் நின்றாள். ஒல்லியான பெண். என் காலைப் பார்த்தாள், இந்த நாற்காலியில் அது தரையைத் தொடுகிறதா என்று.

"நானும் படிச்சேனுங்க" என்றார் முதல்வர். "தப்பில்லாமத்தான் இருக்குது. ஆனா உணர்ச்சியே இல்லீங்களே. மனுஷங்க எழுதுனா ஒரு நெகிழ்ச்சி இருக்கும். மத்தவங்கள்து எல்லாம் பாருங்க, எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

"சார், அவ கிளாஸ்ல கையால எழுதுனா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்" என்றாள் சுமதி.

"நீங்க பாத்ததுக்கு ரிப்போர்ட் வருங்களா மேடம்? இதுக்கு வருது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை மேலே அனுப்ப வேண்டிய கஷ்டம் அவருக்கு. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார். "இங்கயே உக்காந்து, என் முன்னாலயே கொஞ்சம் மாத்தி எழுதட்டும். எல்லாரும் எழுதியிருக்காங்களே, அம்மா கண் கலங்குனதா. அத ஒரு வரி சேத்தா உயிர் வந்துரும். மறுபடி போட்டுப் பாக்கறேன். பச்சை வந்தா நானே முடிச்சு உட்டர்றேன்."

"அவங்க அழுகலீங்க சார்" என்றாள் கோகிலா. 

"நீ கவனிச்சிருக்க மாட்ட கண்ணு."

"கவனிச்சனுங்க சார். அழுகல."

சுமதி அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அந்தப் பெண் அசையவில்லை. பரீட்சை அங்கே அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல்வருக்கும் சங்கடம். என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. நேத்து பேசறப்ப உங்களுக்குக் கண் கலங்குச்சுங்களா இல்லீங்களா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் நாக்கு வழக்கம்போல உள்ளே போகப் பார்த்தது. இல்லை என்று சொல்லலாம். அதுதான் நடந்தது. சொன்னால் அந்தப் பெண் எழுதியது சத்தியம் என்று ஆகும், சத்தியத்துக்கு சைபர் கிடைக்கும், அவள் அப்பா வடக்கேயிருந்து நிம்மதியாக ஊர் வந்து சேருவார்.

"அழுதனுங்க" என்றேன். "கொஞ்சமாத்தான். இந்தப் புள்ளை குனிஞ்சு எழுதிட்டிருந்துச்சு, பாத்திருக்காது."

முதல்வர் சிரித்தார். "அப்பறமென்ன?" என்று கம்ப்யூட்டரைக் கோகிலா பக்கம் திருப்பிவிட்டார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே கடைசியில் இரண்டு வரி அடித்தாள். சுமதி எட்டிப் பார்த்து எனக்கு மெதுவாகப் படித்தாள்: 'அவர் அழுததாகச் சொன்னார். நான் பார்க்கவில்லை.'

மிஷின் கொஞ்ச நேரம் சுற்றியது. பச்சை வந்தது.

"பாத்தீங்களா, இப்ப உயிர் வந்துருச்சு" என்றார் முதல்வர். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். குப்புசாமி அண்ணனைக் கூப்பிட்டார். அவர் இன்னொரு சால்வையோடு வந்தார். நேற்றைக்கும் இன்றைக்கும் ஆள் ஒன்றுதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

வராந்தாவில் கோகிலா என் பக்கத்தில் கொஞ்ச தூரம் நடந்து வந்தாள். நன்றி ஏதாவது சொல்லப்போகிறாள், என்ன பதில் சொல்வது என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் சொன்னது வேறு.

"அம்மாயி, நீங்க நேத்து அழுகலீங்க."

"இல்ல சாமி."

"பொய் சொல்றப்ப முந்தானைய வெரல்ல சுத்தறீங்க. ரண்டு சுத்து. நேத்து அது எனக்குக் கெடைக்கல. கிளாஸ்ல நீங்க பொய்யே சொல்லலயே, அதான்." கொஞ்சம் நின்றாள். "எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும். வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

சுமதி பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் வருகிற நேரத்தில், "உள்ளத உள்ளபடி எழுதுனா செவப்பு வருதுன்னு இனி நான் எப்படிங்கத்தே சொல்லிக் குடுக்கறது?" என்றாள். "அடுத்த வாரம் ஒரு நாய்க்குட்டியக் கொண்டாந்து உக்கார வெக்கறேன். அதுக்காவது சால்வை போட மாட்டாங்க."

"போடுவாங்க" என்றேன். 

சிரித்துவிட்டாள். அந்த ஒரு பெண்ணின் கட்டுரையை மடித்துத் தன் பையில் வைத்திருந்தாள், நான் பார்த்தேன். கடைசி இரண்டு வரி சேர்க்காத கட்டுரை அது.

திரும்பி வரும்போது பஸ் எங்கேயும் நிற்கவில்லை. எழுதுவதற்கு ஒன்றுமில்லை. ஜலகண்டாபுரத்தில் இறங்கி முதல் வேலையாக ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். உப்பில்லாத தண்ணீருக்கு இப்படி ஒரு ருசி உண்டு என்பதை வெளிநாடு போய் வந்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு சால்வையையும் பார்த்தார், குளிருக்கு ஆகும் என்றார். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"காலேஜுல என்ன பண்ணுன?"

"சும்மா உக்காந்துட்டு வந்தனுங்க."

"ஒண்ணும் பேசலியா?"

"நானு என்னத்தப் பேசப்போறேன்?"

சொல்லிவிட்டுக் கையைப் பார்த்தேன். முந்தானை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார், ஒரு நாளும் கவனித்ததில்லை. அதனால்தான் இவ்வளவு காலம் நல்லபடியாகக் குடித்தனம் நடந்திருக்கிறது.